அடுப்படியில் தங்கிய ஒரு சொல்



அமெரிக்கா என்றதும் வானளாவிய மாடிகள்தான் நம் நினைவுக்கு வரும். இம்மாதம் அந்நாட்டின் தென்கிழக்கேயுள்ள ஜோர்ஜியா மாநிலத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். நமக்கு நன்கு பழகிய ஒரு சொல் அங்கே ஓர் அடுப்படியில் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது.

ஜோர்ஜியா இலங்கையைப் போல் இரண்டு மடங்குக்கும் பெரியது. வடக்கே அப்பலாச்சியன் மலைகள். நடுவே செம்மண் மேடுகள். தெற்கே சமவெளியும் பெரும் சதுப்பு நிலமும். கிழக்கே அத்திலாந்திக் கடலோரமாகத் தீவுகள். 1733ல் ஜேம்ஸ் ஒக்லதோர்ப் என்ற ஆங்கிலேயர் சவன்னாவில் இந்தக் குடியேற்றத்தைத் தொடக்கினார். 1735ல் அங்கு அடிமை முறை தடை செய்யப்பட்டது. ஆனால் செல்வந்தர்களுக்குத் தோட்டத்தில் உழைக்கக் கூலியில்லாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1751ல் தடை நீங்கியது. 1793ல் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரம் சவன்னாவின் அருகே உருவானது. பருத்தி பெருகிற்று; அதனோடு அடிமைகளின் தொகையும் பெருகிற்று.

ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டு வரப்பட்ட அம்மக்களுள் முஸ்லிம்களும் இருந்தார்கள். பிலாலி முஹம்மத் அவர்களுள் ஒருவர். இன்றைய கினி நாட்டின் ஃபூட்டா ஜல்லோன் பகுதியில் பிறந்தவர். பஹாமாஸ் தீவுகள் வழியாக ஸபேலோ என்னும் ஜோர்ஜியத் தீவுக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் அவர் கங்காணி; ஆனாலும் அடிமைதான்.

அவர் அரபு எழுத்தில் எழுதிய 13 பக்க ஏடு ஒன்று இன்றும் ஜோர்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதை அவருடைய நாட்குறிப்பு என்றே பலர் எண்ணியிருந்தார்கள். ஜோசப் கிரீன்பர்க் என்ற அறிஞர் 1940ல் வெளியிட்ட ஆய்வில் உண்மை தெரிந்தது. மாலிகி மத்ஹபின் பேரறிஞர் இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் ‘ரிஸாலா’ என்ற ஃபிக்ஹு நூலிலுள்ள விடயங்கள் அதில் இருந்தன. தம் துன்பத்தைக் கதையாக எழுதாமல், வுழூவையும் தொழுகையையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார் அந்த மனிதர்!

ஆனால் அந்த ஏட்டைப் பிள்ளைகள் படிக்க வழியில்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே 1829ல் ஜோர்ஜியா சட்டம் குற்றமாக்கிவிட்டது. மத்ரஸா இல்லை, பள்ளிவாசல் இல்லை. அப்படியானால் எது எஞ்சியது?

1930களில் அத்தீவின் முதியவர்கள் சொன்னவை எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. பிலாலிக்கு ஏழு பெண்மக்கள். ஃபாத்திமா, மதீனா என்று சிலருக்குப் பெயர். பிலாலியும் மனைவி ஃபீபியும் தஸ்பீஹ் மணி உருட்டியதையும், நேரம் தவறாமல் விரிப்பில் தொழுததையும் வழித்தோன்றல்கள் கேட்டறிந்திருந்தார்கள். மார்கரெட் என்ற மகள் வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுத் தோளில் தளர விடுவாராம். ஏன் அப்படி என்பது அவருடைய பேத்திக்குத் தெரியவில்லை.

வருடத்தில் ஒரு நாள் அரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் மர உரலில் இடித்து, தேனோ சீனியோ சேர்த்து, கையாலே தட்டையாகத் தட்டிப் பணியாரம் செய்வார்களாம். பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொன்று கையில் வைப்பார்களாம். அதற்குப் பெயர் ‘ஸரகா’. அது வேறொன்றுமல்ல, சகோதரிகளே, நமது ஸதகாதான்! மேற்கு ஆபிரிக்க மொழிகளில் அச்சொல் அப்படித்தான் வழங்குகிறது.

1865ல் அடிமை முறை ஒழிந்தது. மறு வருடமே ஸபேலோவில் தேவாலயம் எழும்பியது. பேரப்பிள்ளைகள் கிறிஸ்தவர்களாக வளர்ந்தார்கள். பணியாரத்தின் ருசி அவர்கள் நாவில் இருந்தது. அது தர்மம் என்ற கருத்து போய்விட்டது. அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை. வாயைத் திறந்து சொல்லிக் கொடுக்க அந்தத் தாய்மாருக்கு எவ்வளவு இடமிருந்தது என்பதை யார் அறிவார்?

நமக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. அயல் வீட்டுக்குக் கொடுக்கப் பிள்ளையின் கையில் ஒரு கோப்பை கஞ்சியையோ, ஒரு தட்டுப் பணியாரத்தையோ தருகிறோம். “கவனம், கொட்டிடாதே” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். இது ஸதகா, இதை ஏன் கொடுக்கிறோம் தெரியுமா என்று இன்னும் இரண்டு வார்த்தை சொன்னால் என்ன? ருசி தானாகவே நினைவில் நிற்கும். அதன் காரணத்தை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.