தம்பி, அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போய் வா

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் 2018இல் பத்தாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் இப்போது ஒரு நாளிதழில் பயிற்சி நிருபர். போன மாதம் ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், மாவட்டப் பக்கத்துல முதல் தடவையா என் பேரோட வந்திருக்கு" என்றான். முதல் முறை படித்தபோது பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது சங்கடமாகிவிட்டது.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண், கல்லூரிக்குப் போகப் பண வசதி இல்லை. செய்தி இதுதான். பெண்ணின் பெயர், தெரு, ஓடு சரிந்த வீட்டின் முன் அவள் நிற்கும் படம், அப்பாவின் குடி, அம்மா எத்தனை வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார் என்பது வரை எல்லாம் இருந்தது. எதுவும் பொய் இல்லை. (நானும் அதே தப்பைச் செய்யக்கூடாது என்பதால் ஊரைச் சொல்லவில்லை, ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாரென்று கமெண்டில் கேட்காதீர்கள்.)

அந்த அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். "பணம் வந்துச்சு சார், நல்ல மனுசங்க. ஆனா புள்ள ரேஷன் கடைக்குக்கூடப் போக மாட்டேங்குது. அவங்கப்பா குடிக்கிறது தெருவுக்கே தெரியும்தான். அதுக்காக பேப்பர்லயா போடுவாங்க?" என்றார்.

போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோ படமோ வரக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களாம். வறுமையில் இருக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. எதை எழுதுவது, எதை விடுவது என்பதை எழுதுகிறவனேதான் முடிவு செய்ய வேண்டும்.

பையனை மட்டும் குறை சொல்லவில்லை. காலையில் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, திங்கட்கிழமை என்றால் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம் என்று அலைகிறான். சம்பளத்தில் பாதி பெட்ரோலுக்கே போய்விடுகிறது. "அப்பா குடிப்பாரான்னு கேளு" என்று சொன்னது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்.

எனக்குப் புதுக்கோட்டை நினைவு வந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கத்தில் இளம் ஆசிரியனாக ஓடிக்கொண்டிருந்தேன். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பின்னாளில் அவர்களைப் பற்றி பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். 1996இல் வந்த அவருடைய புத்தகத்திலும் அது இருக்கிறது. அந்தப் பெண்களும் ஏழைகள்தான், கூலி வேலைக்கும் கல் குவாரிக்கும் போனவர்கள். ஆனால் படிக்கிறவன் மனதில் நிற்பது அவர்கள் சைக்கிள் ஓட்டிப் போவதுதான். யாரும் அவர்களைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். இந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அதற்கு எப்படி விண்ணப்பிப்பது, அவளுக்கு யாராவது சொன்னார்களா என்று செய்தியில் ஒரு வரி இல்லை. அதை எழுதியிருந்தால் மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ பெண்களுக்கு உதவியிருக்கும். அப்பாவின் பாட்டிலைப் படித்து யாருக்கு என்ன லாபம்?

போனில் இதையெல்லாம் சொன்னேன். "எழுதினதை முன்னாடியே காட்டக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க சார்" என்றான். மந்திரிக்கும் அதிகாரிக்கும் காட்ட வேண்டாம், அது சரியான விதி. பதினேழு வயதுப் பெண்ணிடம், அவள் வீட்டைப் பற்றிய நான்கு வரியை மட்டும் வாசித்துக் காட்டி, "இது வரலாமா பாப்பா?" என்று கேட்டால் பத்திரிகைச் சுதந்திரம் ஒன்றும் குறைந்துவிடாது. வகுப்பில் ஒரு பிள்ளையின் ஃபீஸ் பாக்கியை எல்லார் முன்னாலும் வாசித்த வாத்தியார்தான் நானும். 1994இல். அந்தப் பையனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப என்ன சார் செய்யறது?" என்றான். முதலில் அந்த வீட்டுக்குப் போ, நோட்டும் கேமராவும் இல்லாமல் போ என்றேன்.

நேற்று சாயங்காலம் போயிருக்கிறான். பெண் வெளியே வரவில்லையாம். அம்மா டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். இணையத்தில் இருக்கும் படத்தையாவது எடுக்கச் சொல்லி அலுவலகத்தில் கேட்டிருக்கிறான். இன்று காலை பார்த்தேன், படம் அங்கேயேதான் இருக்கிறது.