மூடிய அறைக்குள் மத்தியஸ்தம்

உதைபந்தாட்டத்திலே மத்தியஸ்தரின் தீர்ப்பே முடிந்த முடிபு என்பது பல்லாண்டு நிலைத்து நின்ற விதி. தீர்ப்புப் பிழையென்று கண்டவிடத்தும் ஆடுவோர் அதற்குத் தலைவணங்கினர். பார்த்திருந்தோர் அவரை நாலு வார்த்தை ஏசிவிட்டு வீடு திரும்பினர். இன்று அந்நிலை இல்லை. மைதானத்தில் ஓடி விசில் ஊதுபவர் ஒருவர். எங்கோ ஓர் அறையில் திரைகளுக்கு முன் அமர்ந்து அவருடைய காதிலே பேசுபவர் இன்னொருவர். 2018 மார்ச்சில் ஆட்ட விதிகளில் இடம்பெற்ற இந்த வீடியோ மத்தியஸ்தம், அவ்வாண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளிலும் கையாளப்பட்டது.

இதனால் தீர்ப்புகள் திருந்தினவா? ஆம் என்று ஒரு சாராரும் இல்லையென்று மறு சாராரும் ஓயாது வழக்காடுகின்றனர். கேள்வியைப் பிரித்துப் பார்த்தாலன்றி விடை கிடையாது என்பது எமது கருத்து. அளந்து காணக்கூடியவற்றில் வீடியோ நீதியை வளர்த்திருக்கிறது. எண்ணித் துணியவேண்டியவற்றிலோ, வழக்கு முன்போலவே இருக்க, அது நடக்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. பல்லாயிரவர் கண்முன் நடந்த விசாரணை இப்போது கதவடைத்த அறைக்குள் நடக்கிறது. எமது கவலையெல்லாம் அதைப் பற்றியதே.

இந்த உதவி ஏன் வேண்டப்பட்டது என்பதை முதலில் நினைவுகூர்தல் தகும். 1966 ஜூலை 30ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் உலகக் கிண்ணத்துக்காகப் பொருதின. மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே தெறித்தது. கோட்டைக் கடந்ததா, இல்லையா? சுவிற்சர்லாந்து மத்தியஸ்தர் சோவியத் நாட்டுக் கோட்டு மத்தியஸ்தரான தோபிக் பஹ்ராமோவிடம் கேட்டார். அவர் கோல் என்றார். இங்கிலாந்து 4-2 என வென்றது. அந்தப் பந்தைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

1986 ஜூன் 22ஆம் நாள் மெக்ஸிக்கோ நகரில் டியகோ மரடோனா கையால் தட்டிய பந்து இங்கிலாந்துக்கு எதிராகக் கோலாயிற்று. அரங்கிலும் தொலைக்காட்சியிலும் பலர் கண்டதை மத்தியஸ்தர் காணவில்லை. 2009 நவம்பரில் பாரிஸ் நகரையடுத்த மைதானத்தில் தியறி ஹென்றியின் கையில் பட்ட பந்து பிரான்சுக்குக் கோலாகி, அயர்லாந்தை அடுத்த ஆண்டின் உலகக் கிண்ணத்திலிருந்து வெளியேற்றியது. கையில் பட்டதை ஹென்றியே பின்னர் ஒப்புக்கொண்டார். எனினும் தீர்ப்பு மாறவில்லை. 2010 ஜூன் 27ஆம் நாள் தென்னாபிரிக்காவிலே ஜேர்மனி 2-1 என முன்னணியில் நின்றபோது, இங்கிலாந்தின் பிராங்க் லம்பார்ட் உதைத்த பந்து கோட்டைத் தெளிவாகக் கடந்து விழுந்தது. உலகமே கண்டது, மத்தியஸ்தர் மட்டும் கண்டிலர். தன் வீட்டில் இருந்தவாறு ஒரு சிறுவன் அறிந்த உண்மையை, தீர்ப்பளிக்க வேண்டியவர் அறியாதிருக்கும் நிலை எவ்வளவு காலம் நீடிக்கும்? அதுவரை இயந்திர உதவியை எதிர்த்துவந்த உலக உதைபந்தாட்டச் சம்மேளனத் தலைவர் செப் பிளாட்டரும் அதன் பின் வருத்தம் தெரிவித்து, விடயத்தை மீண்டும் ஆராய இசைந்தார்.

2012இல் கோல் கோட்டுக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. 2014இல் பிரேசில் உலகக் கிண்ணத்தில் அது பயன்பட்டது. பந்து முழுமையாகக் கோட்டைக் கடந்தால் மத்தியஸ்தரின் மணிக்கட்டிலுள்ள கடிகாரம் ஒரு விநாடிக்குள் அறிவித்துவிடும். இதைக் குறித்து இன்று பெரும் சண்டை எதுவும் கிடையாது. காரணம் எளிது. எமது ஊர்களில் வேலித் தகராறு எழுந்தால் நில அளவையாளர் வந்து சங்கிலி பிடித்து எல்லைக் கல்லைக் காட்டுகிறார். காட்டிய பின் வாதம் அடங்குகிறது. பந்து கோட்டைக் கடந்ததா என்பதும் அத்தகைய கேள்வியே.

ஆனால் அயலவனின் மரக்கிளை எமது முற்றத்தில் நிழல் செய்வது தொல்லையா, அன்றா என்பதை எந்தச் சங்கிலி அளக்கும்? பந்து கையில் பட்டது தற்செயலா, தண்டனைக்குரியதா? மோதியவன் பந்தை நாடினானா, காலை நாடினானா? இவை மனிதன் எண்ணித் துணியவேண்டியவை. 2018 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் குரோஷியாவின் இவான் பெரிசிச்சின் கையில் பந்து பட்டபோது, மத்தியஸ்தர் நெஸ்டர் பிட்டானா மைதான ஓரத்துத் திரையைப் பார்த்தார், திரும்பி நடந்தார், மீண்டும் சென்று பார்த்தார், பின்னர் பிரான்சுக்குப் பெனால்டி வழங்கினார். ஒரு முறை பார்த்துத் தெளியாதது, இரண்டாம் முறை பார்த்ததனால் ஐயத்துக்கு இடமற்ற பிழையாகிவிடுமா? தெளிவான, வெளிப்படையான பிழையில் மட்டுமே வீடியோ தலையிடலாம் என்று விதி கூறுகிறதே! மேல்நீதிமன்றங்களின் முறையை அறிந்த எமது சட்டத்தரணிகளுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். வழக்கை முதலிலிருந்து மீண்டும் விசாரிப்பது மேன்முறையீட்டின் வேலையன்று.

படத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. கணப்பொழுதில் நிகழ்ந்த மோதல், மெதுவாக ஓடும்போது வேண்டுமென்றே செய்ததுபோல் தோன்றும். மத்தியஸ்தர்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்விலும், மெதுவான படத்தைக் கண்டோர் கடுமையான தண்டனையின் பக்கமே சாய்ந்தனர்.

ஓஃப்சைட் விதியோ அளவைக்கு உரியது என்பர். உண்மையே, ஆயினும் அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. விநாடிக்கு 50 படங்கள் எடுக்கும் கமெராவில், விநாடிக்கு 8 மீற்றர் ஓடும் ஆட்டக்காரன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்குமிடையே 16 சதமமீற்றர் நகர்ந்துவிடுகிறான். அத்தகைய படத்தின்மீது கோடு கீறி, தோள் ஓர் அங்குலம் முன்னே நின்றது என்று கோலை மறுப்பது நுட்பமாகாது, நுட்பத்தின் வேடமேயாகும். 2022இல் கட்டார் உலகக் கிண்ணத்தில் 12 கமெராக்களும், விநாடிக்கு 500 முறை செய்தியனுப்பும் உணர்கருவி பொருத்திய பந்தும் வந்தபின் இக்குறை பெரிதும் குறைந்தது. அந்த முன்னேற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

எனினும் இயந்திரத்தின் பின்னே மனிதன் இருக்கிறான் என்பதை மறத்தலாகாது. 2020 ஜூன் 17ஆம் நாள் அஸ்டன் வில்லாவின் கோல் காப்பாளர் பந்தைத் தழுவியவாறே கோட்டுக்கு அப்பால் சென்றார். கமெராக்களின் பார்வை மறைக்கப்பட்டதால் கோல் கோட்டுக் கருவி வாய் திறக்கவில்லை. வீடியோ அறையும் தலையிடவில்லை. ஷெஃபீல்ட் யுனைட்டட் கழகத்தின் கோல் கணக்கில் ஏறாமலே போயிற்று. 2023 செப்டெம்பர் 30ஆம் நாள் டொட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் வீரர் லூயிஸ் டியாஸ் போட்ட முறையான கோலைக் கோட்டு மத்தியஸ்தர் ஓஃப்சைட் என்றார். அறையிலிருந்தவர் படத்தைச் சரியாகவே பார்த்தார். ஆனால் மைதானத்தில் கோல் வழங்கப்பட்டுவிட்டது என்று தவறாக எண்ணி, சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார். பிழை விளங்கியபோது ஆட்டம் மீண்டும் தொடங்கியிருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றனர். லிவர்பூல் 2-1 எனத் தோற்றது. படம் பொய் சொல்லவில்லை. இரண்டு மனிதர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளவில்லை.

அந்த உரையாடல் சில நாட்களின் பின் வெளியிடப்பட்டதனாலன்றோ உலகம் உண்மையை அறிந்தது? அது அப்பொழுதே அரங்கில் ஒலித்திருந்தால், கேட்டிருந்த பல்லாயிரவரில் ஒருவராவது கூவித் திருத்தியிருக்கமாட்டாரா? பணம் கொடுத்து, மழையில் நனைந்து, அரங்கில் அமர்ந்திருப்பவனுக்கே அந்தப் பேச்சு கேட்பதில்லை. கோல் விழுந்ததும் எழுந்து ஆரவாரம் செய்யவும் அவன் அஞ்சுகிறான். நீதி செய்யப்பட்டால் மட்டும் போதாது, செய்யப்படுவது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்பது நீதிமன்றங்களின் பழைய நெறி. விளையாட்டுக்கு மட்டும் அது பொருந்தாதா?

பிற ஆட்டங்களைப் பாருங்கள். றகர் ஆட்டத்தில் மத்தியஸ்தரும் வீடியோ அலுவலரும் பேசுவதைத் தொலைக்காட்சி பார்ப்போர் கேட்கின்றனர். கிரிக்கெட்டில் தீர்ப்பை மீளாய்வு செய்யக் கேட்கும் முறை 2008இல் இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே கொழும்பில் நடந்த டெஸ்ட் போட்டியிலேதான் முதலில் பரீட்சிக்கப்பட்டது. மூன்றாவது நடுவர் தம் காரணத்தைச் சொல்லிச் சொல்லி முடிவுக்கு வருவதை இன்று யாவரும் கேட்கிறோம். உதைபந்தாட்டத்திலோ, 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மத்தியஸ்தர் முடிவை ஒலிபெருக்கியில் அறிவித்தனர். நன்று, ஆனால் முடிவை அறிவிப்பது வேறு, காரணத்தை ஆராயும்போதே கேட்கவிடுவது வேறு.

இக்குறைகளைக் கண்டு வீடியோவையே ஒழிக்கவேண்டும் என்பாரும் உளர். சுவீடன் நாட்டுக் கழகங்களும் ரசிகர்களும் எதிர்த்தமையால் 2024இல் அந்நாடு அதனை ஏற்க மறுத்தது. நோர்வேயில் அதே ஆண்டு ரசிகர்கள் மீன் பணியாரங்களை மைதானத்தில் எறிந்து ஒரு போட்டியையே நிறுத்தினர். இங்கிலாந்திலோ 2024 ஜூனில் வீடியோவை அகற்றும் பிரேரணை 19 வாக்குகளுக்கு எதிராக ஒரு வாக்கே பெற்றுத் தோற்றது. முக்கிய தீர்ப்புகளில் 82 வீதமே சரியாயிருந்த நிலை மாறி 96 வீதம் சரியாகிவிட்டது என அப்போது பிரீமியர் லீக் கணக்குக் காட்டியது. இந்தப் பேற்றை உதறித் தள்ளுதல், பதரைத் தூற்றும்போது நெல்லையும் காற்றில் விடுவதற்கு ஒப்பாகும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. கோட்டையும் எல்லையையும் பற்றிய கேள்விகள் கருவியிடம் விடப்படட்டும். மனிதன் துணியவேண்டியவற்றில், இயல்பான வேகத்தில் படத்தைச் சிலமுறை பார்த்தும் பிழை தெளிவாகாவிடின், மைதானத்துத் தீர்ப்பே நிற்கட்டும். அறைக்குள் பேசப்படுவது பேசப்படும் பொழுதிலேயே அரங்கிற்கும் கேட்கட்டும்.

பிழையே செய்யாத மத்தியஸ்தரை உலகம் என்றும் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. கண்முன் நிகழ்ந்த பிழையை மன்னிக்க மக்கள் பழகியிருக்கின்றனர். காரணம் சொல்லாது கதவுக்குப் பின்னாலிருந்து வரும் தீர்ப்பை, அது சரியானதாயினும், அவர்கள் நம்புவது அரிது. கதவைத் திறந்துவிடுங்கள், கருவியின்மீதும் நம்பிக்கை தானே வளரும்.