பனி பெய்யாத நாட்டின் பனிச்சாலை

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புற இளைஞனிடம் பனிச்சாலையில் மகிழுந்து ஓட்டும் முறையைப் பற்றிப் பேசினால் அவன் சிரிப்பான். தெபோங்கிலும் காடேக்கிலும் புக்கிட் ஆசஹானிலும் பனி எங்கே பெய்கிறது? வெயிலும் மழையும் மாறிமாறி ஆளும் நாட்டில் பனியைப் பற்றிய ஆராய்ச்சி வேண்டாத வேலை என்றே அவன் கருதுவான். அவனுடைய ஆசிரியரும் அவ்வாறே கருதுவார். இருவர் எண்ணமும் பிழையானது. அப்பிழைக்கு விலையாக உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆதலின் அதனைச் சற்றுக் கடுமையாகவே எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

குளிர்நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கு உண்டு. எஞ்சினின் ஆற்றலைப் பின் சக்கரங்களுக்கு அனுப்பும் பந்தய வகை மகிழுந்தைப் பனிக்காலத்தில் ஓட்டலாமா, கூடாதா என்பதே அது. கூடாது என்போர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரு டயருக்குத் தரையைப் பற்றும் வலிமை ஓர் அளவுக்குத்தான் உண்டு. முன்னோக்கித் தள்ளுவதற்கும் பக்கவாட்டில் விலகாமல் நிற்பதற்கும் அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் அது செலவிட வேண்டும். பின் சக்கர வண்டியில் பின் டயர்களே வண்டியைத் தள்ளுகின்றன. வளைவில் வண்டியின் வாலைப் பிடித்துக்கொள்வதும் அவையே. வளைவில் முடுக்கியை ஆழ மிதித்தால் கையிருப்பு முழுவதும் தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். வாலைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. வால் வெளியே வீசும்; வண்டி வந்த வழியையே திரும்பிப் பார்த்து நிற்கும். எஞ்சின் முன்புறம் உள்ள சிறு பந்தய வண்டிகளில் பின் சக்கரங்களின் மேல் எடையும் குறைவு. அகன்ற டயர் பனியை அழுத்திப் பிடிக்காமல் அதன் மேல் மிதக்கும். தாழ்ந்த வயிறு பனியைக் கலப்பைபோல் உழும்.

இவ்வளவும் உண்மையே. ஆயினும் பின் சக்கர வண்டி பனிக்கு ஆகவே ஆகாது என்னும் தீர்ப்பு உண்மையன்று. பனியிலேயே வாழும் சுவீடன் நாட்டவர் 1974 முதல் 1993 வரை உருவாக்கிய வால்வோ 240 பின் சக்கர வண்டிதான். அந்நாட்டுக் குடும்பங்கள் அதிலேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குளிர்காலங்களைக் கடந்தன. அதே நிறுவனம் 1967இல் மலேசியாவின் ஷா ஆலாமில் ஆலை அமைத்து மகிழுந்துகளைப் பொருத்தத் தொடங்கியதால், அவ்வண்டிகள் இந்நாட்டாருக்கும் புதியவை அல்ல. சுவீடனில் வண்டி மாறவில்லை, டயர் மாறியது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். குளிர்கால டயரின் ரப்பரோ இளகியே இருக்கும். டிசம்பர் முதல் நாள் தொடங்கி மார்ச் 31 வரை, சாலையில் பனிக்கால நிலை இருக்குமாயின், அந்நாட்டில் அந்த டயர் கட்டாயம். தமிழர் பலர் குடியேறி வாழும் கனடாவின் கியூபெக் மாநிலமும் 2008 முதல் அதனைக் குளிர்காலத்தில் கட்டாயமாக்கியுள்ளது. சுவீடனில் உரிமம் பெற வருவோர் வழுக்குதளம் ஒன்றில் வண்டியைச் சறுக்கவிட்டுப் பார்க்கும் பயிற்சியையும் முடித்தாக வேண்டும். அந்நாட்டார் சறுக்கலை அஞ்சி ஒளியவில்லை, அதனைப் பாடமாக்கிக்கொண்டனர்.

அப்பாடத்தின் கணக்கு எளியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் பிரேக்கை முழுவதும் அழுத்தினால், உலர்ந்த தார்ச்சாலையில் அது ஏறத்தாழ 18 மீட்டர் ஓடி நிற்கும். நனைந்த தாரில் 35 மீட்டர் ஓடும். இறுகிய பனியில் 70 மீட்டர் ஓடும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை எடுத்துவைக்கும் நேரம் இதில் சேரவில்லை. வேகம் இருமடங்கானால் இத்தூரம் நான்கு மடங்காகும்.

இக்கணக்கை மலாக்காவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஜாசினிலிருந்து மெர்லிமாவுக்குப் போகும் ஓர் இளைஞன் மழையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோர், அவன் நிற்பதற்கு 80 மீட்டர் தேவை என்று காண்பர். பனிச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சுவீடன்காரனுக்கோ 70 மீட்டர் போதும்! அவ்விருவருள் பெரிய வழுக்கலில் செல்பவன் யார்? குளிர்கால டயரும் பயிற்சியும் உடையவன் ஒருவன். தான் வழுக்குநிலத்தில் செல்வதையே அறியாதவன் மற்றொருவன். பனி பெய்யாத நாடு இது என்று சிரித்த இளைஞன், மழை பெய்யும் மாலைதோறும் பனிச்சாலையில்தான் போய்வருகிறான்.

மலாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பல நாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் மழையே கொடியது. சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் அது கரைத்து மெழுகுபோல் பூசிவிடும். பெருமழை தொடர்ந்து கழுவிய பின்னரே அப்பூச்சு நீங்கும். இதனோடு தோட்டப்புறத்துக்கே உரிய இன்னொன்றும் சேர்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலிருந்து குலை ஏற்றிய லோரிகள் தார்ச்சாலைக்கு ஏறும் இடங்களில், அவற்றின் சக்கரங்கள் ஈரச் செம்மண்ணைக் கொண்டுவந்து அப்பிவிட்டுப் போகின்றன. நல்ல தாரில் வந்த டயர் ஒரு நொடியில் சேற்றின் மேல் நிற்கும். குளிர்நாட்டார் நிழல் விழும் பாலத்தில் காணாமல் கிடக்கும் பனிக்கட்டியை எப்படி அஞ்சுகின்றனரோ, அப்படி அஞ்சத்தக்க இடம் இது.

பழைய தலைமுறைக்கு இதில் ஓரளவு பழக்கம் இருந்தது. தட்சுன், கொரோலா, எஸ்கார்ட் என்று அவர்கள் ஓட்டியவை பின் சக்கர வண்டிகள். மழையில் வால் வீசும் என்பதை அவர்கள் காலே அறிந்திருந்தது. 1985இல் வந்த புரோட்டோன் சாகா முன் சக்கர வண்டி. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் முன் சக்கரம் இழுத்துச் செல்லும் வண்டியிலேயே பழகினர். அவ்வண்டியில் வளைவில் அதிகமாக முடுக்கினால் மூக்கு வெளியே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் சக்கர வண்டியில் அந்தக் கால்பழக்கம் உதவாது. வால் வீசத் தொடங்கிய பின் அஞ்சிச் சட்டெனக் காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து, பின் டயர் மேலும் பிடி இழக்கும். சாகாவில் பழகிய கால், 1980களின் பழைய கொரோலாவை ஆசையோடு வாங்கிப் புதுப்பித்து மழையில் ஏறும்போது நேர்வது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கொரோலா மீது ஏன் இத்தனை ஆசை? 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்னும் சப்பானியச் சித்திரக்கதை அவ்வண்டியை உலகெங்கும் வீரனாக்கியது. மலைப்பாதையில் வாலை வீசி வளைவைக் கடப்பது கலையென்று இளைஞர் நம்பினர். கலைதான், ஐயமில்லை. ஆனால் எங்கே? 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் குழு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது தமிழ்கூறு நல்லுலகம் மகிழ்ந்தது. மகிழ்ச்சி தக்கதே. அதே மாதம், பந்தயத்துக்கு முந்திய பயிற்சியில் அவர் ஓட்டிய பின் சக்கரப் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்றதையும் அந்த உலகம் கண்டது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். எஃகுக் கூண்டும் உடலைப் பிணைக்கும் வார்களும் தலைக்கவசமும் அவரைச் சூழ்ந்திருந்தன. அது பந்தயத்துக்கென்றே அமைந்த களம். அவர் சுழன்ற காட்சியைப் பகிர்ந்து பெருமை பேசுவோர், அவர் பிழைத்ததன் காரணத்தைப் பேசுவதில்லை.

திறமை இருந்தால் போதும் என்போருக்கு விடை மலேசியாவிலேயே கிடைத்திருக்கிறது. 2009 ஏப்ரல் 5ஆம் நாள் செப்பாங் களத்தில் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள். அத்தனையும் பின் சக்கர வண்டிகள். மழைக்கென்றே செய்த டயர்கள். 56 சுற்றுகள் ஓட வேண்டிய அப்பந்தயத்தை மழை நடுவில் நிறுத்திவிட்டது. 31 சுற்றுகளின் முடிவே ஏற்கப்பட்டது. புள்ளிகளும் பாதிதான் வழங்கப்பட்டன. அந்த ஓட்டுநர்கள் தோற்றுப்போனதாக யாரும் கூறவில்லை. மழை அவ்வளவு என்று உணர்ந்து நிறுத்தினர். அப்படிப்பட்ட மழையில், வழவழவென்று தேய்ந்த டயரோடு, அலோர் காஜாவிலிருந்து புலாவ் செபாங்குக்கு முந்திப் போவேன் என்று பந்தயம் கட்டும் இளைஞனை வீரன் என்பது எந்த அகராதியில் கண்ட பொருளோ!

பந்தய வண்டி வாங்க வசதியில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு இப்பேச்சு பொருந்தாது என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் மோட்டார் சைக்கிளை மறந்தனர். அதுவும் பின் சக்கரத்தால் இயங்குவதே. சறுக்கினால் தாங்கிக்கொள்ள அதற்கு நான்கு கால்களும் இல்லை. 16 வயதில், நான்காம் படிவத்தில் பயிலும்போதே, அதற்கு உரிமம் பெறலாம். 2016இல் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 7,152 பேர். 2019இல் 6,167 பேர். அவர்களுள் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் கருவியை 2025 ஜனவரி முதல் புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு அரசு கட்டாயமாக்கியது. ஆயினும் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கே அவ்விதி. தோட்டத்துப் பிள்ளைகள் ஏறிச்செல்லும் சிறிய காப்சாய் வண்டி அவ்வரம்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. விலை ஏறிவிடும் என்பது காரணமாகலாம். ஏழையின் வண்டிக்குக் கருவி இல்லையென்றால் ஏழைக்கு அறிவாவது இரட்டிப்பாகத் தரப்பட வேண்டாமா?

தமிழ்ச் சமூகம் தருவது என்ன? இரங்கற் கூட்டம் தருகிறது. அங்கே விதி வந்து நிற்கும். காலன் வந்து நிற்பான். நல்லவர்களை இறைவன் விரைவில் அழைத்துக்கொள்வான். யானைக்கும் அடி சறுக்கும் என்பது ஆறுதல் மொழியாக ஓதப்படும். அப்பழமொழியை மொழிந்த முன்னோர் யானையின் அடியையும் சேற்று நிலத்தையும் கூர்ந்து பார்த்தவர்கள். எத்துணை வலிமையுடையதாயினும் வழுக்குநிலத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கே அதனைக் கூறியிருப்பர். எச்சரிக்கையை ஆறுதலாக மாற்றிக்கொண்டது பின்வந்தோரின் கைவண்ணம். டயர் தேய்ந்திருந்ததா, வேகம் என்ன, சாலையில் சேறு கிடந்ததா என்று கேட்பவன் கூட்டத்தில் பண்பற்றவன் ஆகிறான்.

இலக்கியம் பேச வேண்டிய ஏட்டில் சக்கரத்துக்கு என்ன வேலை என்று தமிழாசிரியர் சிலர் முகம் சுளிப்பர். மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் கூறியதை இதே ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கற்பிக்கின்றனர். உவமையின் பொருளைக் கரும்பலகையில் எழுதுவர். உவமையாக வந்த வண்டியை ஒருநாளும் பார்ப்பதில்லை. வண்டிக்கு எல்லையுண்டு என்று கண்டறிந்த புலவரின் வழிவந்தோர், சக்கரத்தைப் பற்றித் தமிழில் பேசுவது தமிழுக்கு இழுக்கு என்று கருதுவது வியப்பிலும் வியப்பு. ஆறாம் ஆண்டு அறிவியலில் உராய்வு என்னும் பாடமே இருக்கிறது. அதனைத் தேர்வுக்கு ஒப்புவித்துவிட்டு வெளியேறும் பிள்ளைக்கு, அச்சொல் தன் அண்ணனின் மோட்டார் சைக்கிளைப் பற்றியது என்று தெரிவதில்லை.

செய்வதற்குச் செலவு அதிகமில்லை. மழை விட்ட பிறகு பள்ளித் திடலுக்கு ஒரு மிதிவண்டியையும் அளவுநாடாவையும் கொண்டுபோக வேண்டும். காய்ந்த சிமெந்துத் தரையில் மெதுவாக வந்து நின்ற தூரத்தையும், நனைந்த புல்லில் அதே வேகத்தில் வந்து நின்ற தூரத்தையும் பிள்ளைகளே அளந்து தமிழில் எழுதட்டும். ஆசிரியர்களின் மகிழுந்துகள் நிற்கும் இடத்தில் டயர்களைக் காட்டலாம். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டோடு சமமானால் 1.6 மில்லிமீட்டர் பள்ளமே எஞ்சியுள்ளது, டயரை மாற்ற வேண்டும் என்பது பொருள். பிள்ளைகள் முதலில் யாருடைய டயரைப் பார்ப்பார்கள் என்பதனாலேயே இப்பாடத்தைச் சிலர் விரும்பாமற் போகலாம்.