ஒரே மூக்கு, பல விமானம்



நாம் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முன்பெல்லாம் சீனியரின் டிராயிங் ஷீட்டைக் கண்ணாடி மேல் விரித்து, அடியில் டியூப் லைட் போட்டு அப்படியே இழுப்பார்களாம். இப்போது பென் டிரைவில் ஃபைல் வருகிறது. பெயரை மட்டும் மாற்றுகிறோம். உடனே “அட்வைஸ் ஆரம்பிச்சுட்டான்டா” என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! பெரிய பெரிய விமானக் கம்பெனிகளே இந்த வேலையைச் செய்திருக்கின்றன.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனின் காமெட். 1949-ல் பறந்தது, 1952-ல் பயணிகளை ஏற்றியது. அடுத்து பிரான்ஸ்காரர்கள் கேரவல் கட்டியபோது, காமெட்டின் மூக்கையும் காக்பிட்டையும் லைசென்ஸ் வாங்கி அப்படியே பொருத்திக்கொண்டார்கள். (1964 முதல் நம் இந்தியன் ஏர்லைன்ஸும் கேரவல் ஓட்டியது.) முன்னால் நின்று பார்த்தால் இரண்டும் ரெட்டைப் பிள்ளைகள்!

ஏன் மூக்கை மட்டும்? விமானத்தின் நடு உடம்பு ஏறக்குறைய ஒரு சிலிண்டர். தின் சிலிண்டர் ஃபார்முலாவில் ஒரு தொடக்கக் கணக்காவது போட்டுவிடலாம். மூக்கில் அந்த வசதி கிடையாது. வளைவு எல்லாப் பக்கமும் மாறும், நடுவில் பெரிய பெரிய கண்ணாடிக்கு ஓட்டை வெட்ட வேண்டும், அந்தக் கண்ணாடி பறவை வந்து மோதினாலும் தாங்க வேண்டும். ஒருமுறை சரியாக வந்துவிட்டால் அதை விட்டுவிட யாருக்கு மனசு வரும்?

1954-ல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்தன. தண்ணீர்த் தொட்டியில் ஒரு விமானத்தையே இறக்கிச் சோதித்து, உலோகச் சோர்வுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1955-ல் கேரவல் அதே மூக்கோடுதான் பறந்தது. ஆனால் அதன் பயணிகள் ஜன்னல் காமெட் போலச் சதுரம் அல்ல, மூலை மழுங்கிய முக்கோணம். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தெரிந்து எடுத்தவன் செய்த வேலை இது. இதைக் காப்பி என்று நான் சொல்ல மாட்டேன்.

போயிங் கதை இன்னும் நீளம். 1957-ல் பறந்த 707-ன் மூக்குதான் 1963-ல் 727-க்கும், 1967-ல் 737-க்கும் வந்தது. பிறகு 757, 767 இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே காக்பிட். ஒன்றை ஓட்டத் தெரிந்தவர் மற்றதையும் ஓட்டலாம். ரொம்ப நல்ல ஏற்பாடு.

ஆனால் 737 மேக்ஸ்? பழைய 737-ல் பெரிய இன்ஜினை முன்னால் தள்ளி, உயர்த்தி மாட்டினார்கள். அதனால் சில சமயம் மூக்கு அதிகமாக மேலே எழும் என்று, தானாகவே அதைக் கீழே அழுத்தும் எம்காஸ் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். அது ஒரே ஒரு சென்சாரை நம்பி வேலை செய்தது. பைலட்டின் கையேட்டில் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை. “பழைய விமானம் மாதிரியேதான், சிமுலேட்டர் பயிற்சி வேண்டாம்” என்பதுதான் விற்பனைப் பேச்சு. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் போனார்கள். ஒரே மாதிரி இருப்பதில் தப்பில்லை. ஒரே மாதிரி இல்லாததை மறைத்ததுதான் தப்பு என்பது என் கட்சி.

நான் யோக்கியன் இல்லை. போன வருஷம் நான் கொடுத்த ஷீட்டில் சாவியின் அகலம் ஷாஃப்டில் 8 மி.மீ., ஹப்பில் 10 மி.மீ.! வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்டார்: “தம்பி, இந்தச் சாவி எப்படிப்பா உட்காரும்?” எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விசாரித்தால், நாலு பேட்ச்சாக அதே தப்பு இறங்கி வந்திருக்கிறது. ஒருத்தனும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஜூனியர் ஒருவன் கேட்டான் என்று திருத்திய ஷீட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு அளவும் ஏன் வந்தது என்று எழுதிய நாலு பக்கக் கணக்கையும் பின் குத்திக் கொடுத்தேன். ஷீட்டைப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டு, “இந்தப் பேப்பர் எதுக்குண்ணா?” என்றான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தேன்.