ஆடுற மேசையும் நொண்டி மேசையும்

பொட்டி தட்டுற வேலைல ஒரு வசதி, உட்கார்ந்த இடத்துலேயே பல ஊர்க்காரங்களோட பழக்கம் கிடைக்கும். எங்க டீம்ல ஒருத்தர் மெக்சிகோவுல, குவாதலஹாராவுல இருந்து வேலை பார்க்கிறார். தாய்மொழி ஸ்பானிஷ். ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துட்டுத் திரும்பினவர், காலைல கால்ல "நான் இன்னும் கொஞ்சம் அன்ஸ்டேபிள்"னு சொன்னார். எழுந்து நின்னா கால் தள்ளாடுதுன்னு சொல்ல வந்திருக்கார். மேனேஜர் காதுல விழுந்ததோ, மனசு சரியில்லைன்னு! சாயங்காலமே ஒரு முக்கியமான ரிலீஸ்ல இருந்து அவர் பேரைத் தூக்கிட்டாங்க.

அவர் மேல தப்பே இல்லீங்க. ஸ்பானிஷ்ல 'இனெஸ்தாப்லே', இங்கிலீஷ்ல 'அன்ஸ்டேபிள்'. ரெண்டுக்கும் லத்தீன் வேர். அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற வார்த்தையைத்தான் நாக்கு முதல்ல எடுக்கும். ஆனா அன்னிக்கு அவருக்கு வேண்டியிருந்தது 'வாப்ளி'. ஆடுற மேசை, விழப்போற பல், காய்ச்சலுக்கு அப்புறம் தள்ளாடுற கால்... எல்லாத்தையும் இங்கிலீஷ்காரன் இந்த ஒத்தை வார்த்தையை வச்சே ஒப்பேத்திடுவான்.

ஸ்பானிஷ்ல கதையே வேற. ஆடுற மேசை 'மெசா கோஹா', அதாவது நொண்டி மேசை! ஆடுற பல்லுன்னா 'ஃப்ளோஹோ', தளர்ந்துபோனது. நடுங்குற குரலுக்கு 'தெம்ப்லொரோசா'. பொருளுக்குத் தகுந்த மாதிரி சொல்லும் மாறுது. அகராதியில 'வாப்ளி'க்கு நேரா 'தம்பலெயான்தே'ன்னு போட்டிருக்கும். அதை மட்டும் மனப்பாடம் பண்ணி என்ன பிரயோஜனம்?

என் கட்சி இதுதான்: பெயரடையைத் தனியா படிக்கக் கூடாது, பெயர்ச்சொல்லோட ஜோடி சேர்த்துப் படிக்கணும். வாப்ளி டேபிள், வாப்ளி டூத், வாப்ளி லெக்ஸ். நடுங்குற கைக்கும் குரலுக்கும் ஷேக்கி. ஒரு ஜோடி மனசுல நின்னுட்டா அவசரத்துக்குத் தானா வாயில வரும்.

நாம மட்டும் என்ன ஒழுங்கு? பள்ளிக்கூடத்துல 'அன்ஸ்டெடி = நிலையற்ற'ன்னு எழுதி மார்க் வாங்கின கோஷ்டிதானே. "நிலையற்ற மேசையில சாப்பிட்டேன்"னு எந்தத் தமிழனாவது சொல்லியிருக்கானா? 'மேசை ஆடுது', அவ்வளவுதான்.

நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். மறுநாள் மேனேஜர்கிட்ட, கால்தான் வாப்ளின்னு விளக்கிட்டார். வாயில என்னமோ 'குவாப்ளி'ன்னுதான் வந்துச்சு. பரவாயில்ல, புரிஞ்சுது. மேனேஜரும் சிரிச்சார்.

பேரு மட்டும் அடுத்த ரிலீஸ்லதான் திரும்பி வந்துச்சு.