பின்னால் நின்ற 34வது டிவிஷன்

பள்ளிப் பாடத்தில் சீனாவின் 'நீண்ட பயணம்' நாலு வரியில் முடிந்துவிடும். பரீட்சைக்கு அது போதும். ஓய்வு பெற்ற பிறகு படித்ததில் மனசை விட்டுப் போகாதது, அதில் வரும் சியாங் ஆற்றுச் சண்டை.

1934 அக்டோபரில் கோமிண்டாங் அரசுப் படைகளின் முற்றுகையிலிருந்து தப்பி, ஜியாங்சியை விட்டுக் கிளம்பிய செம்படையினர் சுமார் 86,000 பேர். பின்வாங்கல் என்று பெயர். பார்த்தால் ஒரு அரசாங்கமே வீடு காலி செய்துகொண்டு போன மாதிரி இருக்கிறது. அச்சு இயந்திரம், எக்ஸ்ரே கருவி எல்லாம் ஆள் தோளில், மலைப்பாதையில்! நவம்பர் கடைசியில் முன்படை சியாங் ஆற்றை எட்டிவிட்டது. சாமான் வரிசை வந்து சேரவில்லை. அது வரும்வரை வழியைத் திறந்து வைக்க நாள்கணக்கில் சண்டை போட வேண்டியதாயிற்று. ஆற்றைக் கடந்தபின் மிஞ்சியது முப்பதாயிரத்துச் சொச்சம். (வழியில் விட்டு ஓடியவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. எல்லோரும் ஆற்றங்கரையில் செத்ததாக எழுதுவது சரியல்ல.)

எல்லோருக்கும் பின்னால் காவல் நின்றது 34வது டிவிஷன். பெரும்பாலும் ஃபுஜியான் பையன்கள். தளபதி சென் ஷுசியாங்குக்கு வயது 29. மற்றவர்கள் கடந்து போனார்கள். இவர்களுக்கு வழி அடைபட்டுப்போனது. கிழக்குக் கரையிலேயே மாட்டிச் சிதைந்தார்கள். வயிற்றில் குண்டு பட்டுப் பிடிபட்ட சென், தூக்கிப் போகும் வழியில் தன் குடலைத் தானே பிய்த்துக்கொண்டு இறந்தார் என்று சீன வரலாறு சொல்கிறது.

இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் அந்த வீரம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டாமா? திட்டம் போட்டவர்கள் போ கூவும், ஜெர்மன்காரர் ஓட்டோ பிரவுனும். 1935 ஜனவரியில் சுன்யி கூட்டத்தில் அவர்கள் கையிலிருந்து படைப் பொறுப்பு போயிற்று. அதற்குள் 34வது டிவிஷனே இல்லை.

புது இடத்தில் அரசு அமைக்க இயந்திரம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுமந்த சாமானில் பெரும்பகுதியை வழியிலேயே போட்டுவிட்டுத்தானே போனார்கள்? கிளம்பும்போதே போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

ராணுவத்தில் இருந்த நண்பர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: பின்காவலுக்கு நிறுத்தும்போது, எந்த நேரம்வரை நிற்க வேண்டும், எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று உத்தரவிலேயே சொல்லிவிடுவார்களா?