போய் வருகிறேன்



ஆள் துணையின்றி ஒரு நாள் முழுதும் மலையில் நடக்க விழைவது மனித உள்ளத்தின் பழைய ஆசை. பேச்சும் இரைச்சலும் ஓய்ந்த இடத்தில்தான் உள்ளம் தன்னோடு உரையாடுகிறது. ஆயினும் அத்தகைய தனிமைக்கு ஒரு கடமையும் உண்டு. அதனை நமக்கு உணர்த்தியது ஸ்காட்லாந்து நாட்டின் வடகோடியில், சதர்லண்ட் பகுதியிலுள்ள பென் கிளிப்ரெக் என்னும் மலை.

அந்நாட்டில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 'மன்றோ' என்று அழைப்பர். சர் ஹியூ மன்றோ என்பவர் 1891-ஆம் ஆண்டில் அவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்டமையால் வந்த பெயர் அது. இன்று அப்பட்டியலில் 282 மலைகள் உள்ளன. பென் கிளிப்ரெக்கின் உயரம் 962 மீட்டர். உயரத்தை மட்டும் கேட்போருக்கு எளிதென்றே தோன்றும். அடிவாரத்துச் சதுப்பைக் கடந்தவருக்கே அதன் அருமை விளங்கும்.

அச்சதுப்பின் இயல்பு வியப்புக்குரியது. ஸ்ஃபாக்னம் என்னும் பாசி தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்குவரை நீரைத் தேக்கி வைக்கும். காற்றுப் புகாத அந்நீரில் மடிந்த செடிகள் முற்றும் மக்காமல் 'பீட்' என்னும் கருமண்ணாகப் படிகின்றன. ஆண்டொன்றுக்கு அது வளர்வது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. முழங்கால்வரை காலை இழுக்கும் ஒரு குழி பல நூற்றாண்டுகளின் வேலை!

கோடைக்காலத்துக் காலையொன்றில் நாம் சாலையோரத்தினின்று புறப்பட்டோம். பசேலென மிளிரும் பாசி கண்ணுக்கு இனிது, காலுக்கோ வஞ்சகம். பழுப்பேறிய புல்லும் ஹெதர் புதரும் உள்ள மேட்டைத் தேடி, ஊன்றுகோலால் ஆழம் பார்த்து, ஓரடி முன்னும் ஈரடி பக்கமுமாகச் சென்றோம். மலைநடைக்கு நெய்ஸ்மித் என்பார் 1892-இல் வகுத்த கணக்கொன்று உண்டு: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2000 அடி ஏற்றத்துக்கு மற்றுமொரு மணி நேரம். சதுப்பு அக்கணக்குக்கு அடங்குவதில்லை. மலைச்சரிவை எட்டுவதற்கே இருமடங்கு நேரம் ஆயிற்று.

செங்குத்தான புற்சரிவில் ஏறி முகட்டை அடைந்தபோது மேகம் இறங்கிற்று. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தோன்றவில்லை. ஒருபுறம் பாறைச் சரிவு. சிகரமோ இன்னும் தொலைவில். வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருந்தன. ஆபத்தில் நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதவேண்டிய விசிலும் பையில் இருந்தது. "ஏறிவிடு" என்றது ஆசை.

அவ்வேளை நினைவில் வந்தவர் நாம் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டியார். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் காலையிலேயே எழுதி அவரிடம் தந்திருந்தோம். மாலை ஏழு மணி கடந்தால் அவர் காவல்துறைக்குத் தெரிவிப்பார். காவல்துறை மலைமீட்புக் குழுவினரை அழைக்கும். அவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். தத்தம் தொழிலையும் இரவு உணவையும் விட்டு, இதே சதுப்பில் விளக்கேந்தி வருவார்கள். ஒருவருடைய ஆசைக்காக எத்தனை இல்லங்களில் உறக்கம் கெடும்! சிகரத்தைக் காணாமலே திரும்பினோம்.

இறங்கும்போதும் சதுப்பு தன் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஆறரை மணிக்கு நாம் வாயிலை அடைந்தபோது மூதாட்டியார் சாளரத்தருகே அமர்ந்து சாலையையே நோக்கியிருந்தார். "சிகரம் எப்படி?" என்று அவர் வினவவில்லை. "தேநீர் தரட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

பட்டியலை வகுத்த மன்றோவே அதிலுள்ள மலைகள் அனைத்தையும் ஏறி முடிக்காமல் 1919-இல் மறைந்தார். அதனால் அவர் புகழ் குன்றவில்லை. எட்டாத சிகரம் இழுக்கன்று.

தமிழில் வீட்டைவிட்டுப் புறப்படுவோர் "போகிறேன்" என்று சொல்லும் வழக்கமில்லை. "போய் வருகிறேன்" என்பர். அது வெறும் மங்கல வழக்கா? காத்திருப்போருக்குத் தரும் வாக்குறுதி அன்றோ? தனியே செல்ல விழைவோர் தாராளமாகச் செல்க. ஆனால் எவ்வழி, எந்நேரம் என்று ஒருவரிடமேனும் சொல்லிச் செல்க. சொன்ன சொல்லைக் காக்க, வேண்டுமாயின் சிகரத்தையும் விட்டுத் திரும்புக.